பால் பைதான் பத்து வாரமாக எலியைத் தொடவில்லை, எங்கே தவறு?

நிலவன் (இங்கிலாந்து), டிசம்பர் 6

வணக்கம். இரண்டரை வயது ஆண் பால் பைதான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பு). செப்டம்பர் கடைசியில் ஒரு எலி விழுங்கியது, அதோடு சரி. விவரம் எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

எடை: கடைசியாகச் சாப்பிட்ட வாரம் 1,140 கிராம், இன்று காலை 1,095.

இடம்: அக்டோபர் முதல் வாரம் பிளாஸ்டிக் டப்பிலிருந்து 120 × 60 × 60 செ.மீ. கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். மேலே கம்பிவலை மூடி.

சூடு: வலைக்கு மேலே 100 வாட் செராமிக் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டில் 32 டிகிரி வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டிய வட்ட மீட்டர் ஈரப்பதம் 50 சதவீதம் என்கிறது.

ஒளிந்துகொள்ள: சூடான பக்கம் இரண்டு பக்கமும் திறந்த அரைவட்ட மரக்கட்டை ஒன்று.

உணவு: உறைந்த எலி, 150 கிராம் அளவு. சமையல் மேடையில் மூன்று மணி நேரம் வைத்து, சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கி, இடுக்கியில் நீட்டுகிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை முயற்சி. தலையைப் பின்னுக்கு இழுத்துச் சுருண்டுகொள்கிறது.

வாய், மூக்கு சுத்தமாகத்தான் தெரிகிறது. ஊரிலிருந்து அம்மா பாலும் முட்டையும் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

மஞ்சரி

ஊட்ட வேண்டாம். 45 கிராம் குறைந்திருக்கிறது, அதாவது நான்கு சதவீதம். ஒரு தடவை மலம் கழித்தாலே 30, 40 கிராம் போய்விடும். உங்கள் பாம்புக்கு எல்லைக்கோடு 1,026 கிராம், பத்து சதவீத இழப்பு. அதை நெருங்கும் வரை நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சமையலறைத் தராசில் ஒரு மூடிய டப்பாவோடு எடை போட்டு எழுதி வையுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: எந்தப் பாம்பும் பால் குடித்து வாழாது, அதைச் செரிக்கிற உடம்பு அதற்கு இல்லை. முட்டை தின்னும் பாம்புகள் உண்டு, பால் பைதானுக்கு எலியும் பறவையும்தான்.

உணவை மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நான் நம்புவதில்லை, அது கண்ணாடியைத்தான் அளக்கும். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் ஒன்று, ப்ரோப் (கம்பி நுனியில் இருக்கும் உணரி) உள்ள டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்குங்கள். ஹீட்டருக்கு நேர்கீழே தரை, கட்டைக்கு உள்ளே, குளிர்ந்த பக்கத் தரை என மூன்று இடத்தில், பகலில் ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை. தெர்மோஸ்டாட்டின் ப்ரோப் சரியாக எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கண் பால்போல மங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், சட்டை உரிக்கப் போகிற பாம்பு பெரும்பாலும் சாப்பிடாது.

நிலவன், டிசம்பர் 8

அளந்துவிட்டேன். பகலில் ஹீட்டருக்குக் கீழே 26, கட்டைக்குள் 25, குளிர்ந்த பக்கம் 20. விடியற்காலை குளிர்ந்த பக்கம் 19தான். ஈரப்பதம் 38 சதவீதம். ப்ரோப் வலையிலிருந்து தொங்குகிறது, ஹீட்டருக்குக் கீழே ஒரு சாண் இருக்கும். கண் தெளிவாக இருக்கிறது.

கீரன்

பாதி விடை ப்ரோப்பில் இருக்குங்க. ஹீட்டர் பக்கத்துல தொங்குற ப்ரோப்புக்கு 32 வந்ததும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அடக்கிடும். பாம்பு கிடக்கிற தரைக்கு அந்தச் சூடு வந்து சேரவே இல்லை. 26 டிகிரியில எலியை விழுங்கினா செரிக்க ரொம்ப நாளாகும், வயித்துக்குள்ளேயே அழுகி கக்கவும் கக்கும். அதனால உடம்பு முதல்லேயே பசியை மூடி வச்சிடுது.

ப்ரோப்பை இறக்கி, சூடான பக்கத்து ஒளிவிடத்தின் கூரை மேல வைங்க. பாம்பு உருட்டிவிடாம இருக்க கேபிள் டை போட்டுக் கட்டுங்க. உள்ளே டேப் மட்டும் ஒட்டாதீங்க. செதில்ல ஒட்டிச்சுன்னா தோலோடதான் வரும். கூரை மேல 32, குளிர்ந்த பக்கம் 25, 26, ராத்திரி எங்கேயும் 24க்குக் கீழ போகக்கூடாது. இங்கிலாந்து டிசம்பர்ல 60 செ.மீ. உயரக் கண்ணாடித் தொட்டிக்கு ஒரு 100 வாட் பத்தாது. குளிர்ந்த பக்கம் ஏறலைன்னா ரெண்டாவதா ஒரு ஹீட்டர், அதுக்குத் தனி தெர்மோஸ்டாட்.

வலை மூடிதான் ஈரத்தையும் சூட்டையும் வெளியே விடுது. ஹீட்டர் உட்கார்ற இடத்தையும் சுத்தி ஒரு சாணையும் விட்டுட்டு, மீதி முக்கால்வாசியை வெளிப்பக்கமா அலுமினியத் தாள் போட்டு மூடுங்க. தரையில தேங்காய் மட்டைத் துண்டு எட்டு, பத்து செ.மீ. ஆழத்துக்குப் போட்டு, நாலு மூலையிலயும் மொத்தமா ஒன்றரை லிட்டர் தண்ணி ஊத்துங்க. அடி ஈரமா, மேல்பரப்பு காய்ஞ்சு இருக்கணும். மேல தெளிச்சுக்கிட்டே இருந்தா வயித்துச் செதில் புண்ணாகும். 60லிருந்து 65 சதவீதம் நிக்கணும், சட்டை உரிக்கிறப்ப 70. பைன், தேவதாரு மரத்தூள் வேண்டாம், அதோட எண்ணெய் நெடி மூச்சுக்கு ஆகாது.

அப்புறம் அந்தக் கட்டை. காட்டுல இது மேற்கு ஆப்பிரிக்காவுல, கானா, டோகோ, பெனின் பக்கம், கரையான் புத்துலயும் எலி வளையிலயும் கிடக்கிற உயிர். நம்ம ஊர்ல பாம்புன்னாலே புத்துன்னு சொல்வோமே, இதுக்கு அது ரொம்பப் பொருந்தும். ரெண்டு பக்கமும் திறந்த கட்டையில அதுக்கு முதுகுக்குப் பாதுகாப்பு கிடையாது. ஒரே வாசல் உள்ள, சுருண்டா உடம்பு மூணு பக்கமும் உரசுற அளவு பெட்டி ரெண்டு, ஒரே மாதிரி, சூட்டுல ஒண்ணு குளிர்ல ஒண்ணு. ரெண்டும் வேற மாதிரி இருந்தா பிடிச்சதுலயே கிடந்து சூட்டை விட்டுக்கொடுத்துடும். பின்புறமும் ரெண்டு பக்கவாட்டுக் கண்ணாடியும் வெளியே கறுப்பு அட்டை ஒட்டுங்க. நடுவுல காலியா கிடக்கிற தரையை பிளாஸ்டிக் இலை, கார்க் பட்டை போட்டு அடைச்சிடுங்க. பெரிய தொட்டி தப்பில்லை, வெறும் பெரிய தொட்டிதான் தப்பு.

தணிகை

தொட்டியைப் பற்றி கீரன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எலியைப் பற்றிச் சொல்கிறேன்.

150 கிராம் அதிகம். இந்த வயதில் உடல் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் போதும்: 60 முதல் 80 கிராம். பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தைவிட எலி தடிமனாக இருக்கக்கூடாது.

மேடையில் மூன்று மணி நேரம் வைத்தால் வெளியே கெடத் தொடங்கும், நடுவில் பனிக்கட்டி இருக்கும். முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மறுநாள் ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, 40 டிகிரித் தண்ணீரில் 20 நிமிடம், தண்ணீர் ஆறினால் ஒருமுறை மாற்றி. வயிற்றை அழுத்திப் பாருங்கள், கட்டி தட்டுப்படக் கூடாது. கொதிநீர் கூடாது, வயிறு வெந்து கிழியும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

எலி நனைந்திருக்கக் கூடாது. துணியால் ஒற்றி, ஹேர் டிரையரில் தலையை மட்டும் சூடாக்குங்கள். இன்ஃப்ராரெட் கன்னில் தலை 38, 39, உடம்பு அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்ட வேண்டும். பால் பைதானின் மேலுதட்டில் இருக்கிற குழிகள் வெப்பத்தை உணர்கிறவை. இருட்டில் அது எலியைத் தேடுவது அந்தக் குழிகளாலும் நாக்காலும்தான். ஆறிப்போன ஈர எலி அதற்கு இரையாகவே தெரியாது.

கொடுக்கும் நேரம் இரவு ஒன்பதுக்கு மேல், விளக்கு அணைந்த பிறகு. 30 செ.மீ. நீள இடுக்கியில் பின்னங்கால் பக்கம் பிடித்து, ஒளிவிட வாசலுக்கு ஒரு சாண் தள்ளி, தரையோடு மெதுவாக நடத்துங்கள். முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினால் அது தாக்க வருகிறவனாகத்தான் உங்களைப் பார்க்கும். நீங்கள் சொன்ன அந்தத் தலையிழுப்பு பயம், வெறுப்பு இல்லை. நாக்கு வேகமாக நீண்டு, கழுத்து எஸ் போல வளைந்தால் அசையாமல் நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் கவ்வவில்லை என்றால் ஒரு தட்டில் வாசலருகே வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். காலையில் இருந்தால் குப்பையில் போடுங்கள், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

இதில் மிகப் பெரிய தவறு மூன்று நாளுக்கு ஒருமுறை நீட்டுவது. ஒவ்வொரு மறுப்பும் அதற்கு ஒரு பயப் பாடம். தொட்டியைச் சரிசெய்து பத்து நாள் மூடியையே திறக்காதீர்கள், தண்ணீர் மாற்ற மட்டும். எடைகூட இந்தப் பத்து நாளில் வேண்டாம். பிறகு பத்து நாளுக்கு ஒரு முயற்சி.

அருண்

உயிரோட இருக்கிற எலியை விட்டா உடனே பிடிச்சிடும். இல்லைன்னா வாயை ஸ்பூனால திறந்து உள்ளே தள்ளலாமே?

வெண்ணிலா, கால்நடை மருத்துவர்

இரண்டும் வேண்டாம். பசியில்லாத பாம்பின் கூட்டில் விட்ட எலி இரவு முழுக்க அதன் முதுகைக் கடித்துத் தின்னும், முதுகெலும்பு தெரியும் அளவுக்கு. ஸ்பூனால் திறந்தால் பல் முறியும், ஈறு கிழியும், அந்தக் காயத்தில்தான் வாய்ப்புண் தொற்று தொடங்கும். நன்றாக எடை இருக்கிற பாம்புக்குக் கட்டாய உணவு தேவையே இல்லை. தேவைப்படும் நிலையில் இருக்கிற பாம்புக்கு முதலில் உடலில் நீர் ஏற்ற வேண்டும், பிறகுதான் குழாய் வழி உணவு. அது மருத்துவமனை வேலை.

நிலவன், உங்கள் பாம்பு 1,100 கிராம் ஆண், மாதம் நவம்பர், டிசம்பர். இனப்பெருக்கப் பருவத்தில் வளர்ந்த ஆண்கள் இரண்டு மூன்று மாதம் உண்ணாமல் இருப்பது வழக்கம், எடை பெரிதாகக் குறையாது. குளிரும் வறட்சியும் அதோடு சேர்ந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

கீழே சொல்வதில் ஒன்று தெரிந்தாலும் எடைக்காகக் காத்திருக்க வேண்டாம். மூச்சில் சீழ்க்கை அல்லது களகள ஒலி, மூக்கில் குமிழி, வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி வைத்திருத்தல்: சுவாசத் தொற்று. பைதான்களின் சுவாசத்தைத் தாக்கும் நிடோவைரஸும் இப்படித்தான் தொடங்கும், வாயில் பஞ்சு ஒற்றி பிசிஆர் சோதனை செய்யலாம். ஈறில் ரத்தப் புள்ளி, தயிர்க்கட்டி போன்ற சீழ். கண்ணோரத்திலும் தாடைப் பள்ளத்திலும் கடுகைவிடச் சிறிய கறுப்புப் பேன், தண்ணீர்க் கிண்ணத்திலேயே பாம்பு ஊறிக் கிடப்பது. முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்துவது. கக்குவது. கக்கிய பாம்புக்கு 14 நாள் எதுவும் தராமல், பிறகு பாதி அளவு எலி. போகும்போது 24 மணி நேரத்துக்குள் கழித்த மலத்தை பிரிட்ஜில் வைத்து எடுத்துச் செல்லுங்கள், ஒட்டுண்ணி பார்க்க அது வேண்டும்.

செல்வி (சென்னை)

இங்கே வளர்க்கிறவர்களுக்கும் இதே அளவுதானா? சாரைப்பாம்புக்கும் பொருந்துமா?

மஞ்சரி

செல்வி, சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று கையில் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் பைதான் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வருவது, அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அளவுகள் ஒன்றுதான், சிக்கல் தலைகீழ். மே மாதம் மூடிய அறை 36 தாண்டும், அந்தச் சூட்டிலும் சாப்பிடாது, உயிருக்கே ஆபத்து. ஏசி போட்டால் 22க்கு இறங்கிக் காற்றும் காயும். அறையைக் குளிர்வித்து, தொட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் தெர்மோஸ்டாட்டோடு சூடாக்குங்கள்.

நிலவன், ஜனவரி 4

ப்ரோப் இறக்கினேன், இரண்டாவது ஹீட்டரும் வைத்தேன். கூரை 32, குளிர்ந்த பக்கம் 25.5, ஈரப்பதம் 63. டிசம்பர் 20 அன்று 70 கிராம் எலி நீட்டினேன், நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. 22 அன்று கண் மங்கியது, ஜனவரி 1 அன்று சட்டை ஒரே துண்டாக, கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோலும் சேர்ந்து வந்தது. எடை 1,078. நேற்று இரவு பத்து மணிக்கு 68 கிராம் எலி, தலை 38 டிகிரி. இடுக்கியிலிருந்து எடுக்கவில்லை. தட்டில் வைத்துவிட்டுப் போனேன், காலையில் தட்டு காலி, வயிற்றில் புடைப்பு தெரிகிறது. அடுத்தது எப்போது, இனி பெரிய எலி தரலாமா?

தணிகை

மிக்க மகிழ்ச்சி. 48 மணி நேரம் தொடவோ தூக்கவோ வேண்டாம், புடைப்பு முழுக்க அடங்கும் வரை எடையும் போடாதீர்கள். அடுத்தது ஜனவரி 14 வாக்கில், இதே 70 கிராம், இதே தட்டில் வைத்து. மூன்று தடவை தொடர்ந்து உண்டு, மலமும் சரியாகக் கழித்த பிறகு 80 கிராமுக்குப் போங்கள். இடுக்கியில் வாங்க வைக்கும் முயற்சியைப் பங்குனி வரை தள்ளிப்போடலாம், பருவம் முடிந்தால் தானாக வரும். நடுவில் ஒரு தடவை மறுத்தால் தொட்டியில் எதையும் மாற்றாமல் பத்து நாள் விட்டுவிடுங்கள்.