பனிச்சறுக்கு ஸ்கையில் முட்டி திரும்பினால்: அனுபவப் பகிர்வு

திருப்பூர், ஸ்கை பழகுபவர்:

குல்மார்க், அவுலின்னு பனிச்சறுக்குக்குக் கிளம்புற நம்மூர் ஆளுங்க குளிருக்கு என்ன போடறதுன்னு நூறு கேள்வி கேக்கறாங்க, பைண்டிங் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்லைங்க. பூட்ஸை ஸ்கைப் பலகையோட பிடிச்சு வெச்சிருக்கற பாகம் அது, விழறப்ப கழண்டுக்கணும். எவ்வளவு விசையில கழலணும்னு 'டின்' எண் ஒண்ணு உண்டு. எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், எவ்வளவு பழக்கம், இந்த அஞ்சையும் வெச்சுக் கடைக்காரர் திருகி வெப்பார். உங்களுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்தவரோட எண்ணிலயே தந்தா வாங்காதீங்க. எடையைக் குறைச்சுச் சொன்னா சும்மா போறப்பவே கழலும். பழக்கத்தைக் கூட்டிச் சொன்னா கழல வேண்டிய நேரத்துல கழலாது, கால்தான் திருகும்.

எண் சரியா இருந்தாலும், முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கற ஏ.சி.எல்.ங்கற தசைநார் அறுந்து போகலாம். பின்னாடி உக்கார்ற மாதிரி சாஞ்சு, பாரம் முழுக்க கீழ்ப்பக்கத்து ஸ்கையோட உள்விளிம்புல இறங்கினா, ஸ்கையோட வால் பனியில பதிஞ்சு முட்டியைத் திருகும். அந்தத் திருகலுக்குப் பைண்டிங் பெரும்பாலும் அசையாது. விழப்போறோம்னு ஆயிட்டா கையை முன்னாடி கொண்டுவந்து விழுந்துடுங்க. சறுக்கல் நிக்கற வரைக்கும் எந்திரிக்கப் பாக்காதீங்க.

கோவை, எலும்பு மருத்துவர்:

கெட்டியான பூட்ஸ் கணுக்காலைக் காப்பாற்றிவிடும். அந்த விசை முட்டிக்கும், பூட்ஸ் முடியும் இடத்தில் கீழ்க்கால் எலும்புக்கும் ஏறும். 'டப்' என்று உள்ளே ஒரு சத்தம், 2 மணி நேரத்துக்குள் முட்டி புடைத்துக்கொண்டால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, ஏ.சி.எல். மேல்தான் முதல் சந்தேகம். மறுநாள் மெதுவாக வீங்கினால், மூட்டுக்குள் மெத்தை போல் இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ.க்கு ஓடும் முன் எக்ஸ்ரே எடுங்கள். கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், வெளிப்பக்கம் நகக்கீறல் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து தெரிந்தால், ஏ.சி.எல். போய்விட்டதற்கு அதுவே வலுவான அறிகுறி. அந்தச் சில்லைச் சின்ன முறிவு என்று கட்டுப் போட்டு அனுப்புவதுதான் வழக்கமான தவறு.

ஏ.சி.எல். மட்டும் என்றால் அடுத்த வாரமே ஆபரேஷன் என்று நெருக்காதீர்கள். வீக்கம் வடிந்து, முட்டி முழுதாக நீண்டு, தொடைத் தசை பழையபடி இறுக்கிப் பிடிக்க வரவேண்டும். பலருக்கு 3 முதல் 6 வாரம் ஆகும். சூடாக வீங்கியிருக்கும் முட்டியில் கத்தி வைத்தால் உள்ளே தழும்பு படர்ந்து இறுகிவிடும். கால் விரித்து பிரேக் போடும் புதியவர்களுக்கு முட்டியின் உள்பக்கத் தசைநார் கிழிவதுதான் அதிகம். பெரும்பாலும் கீல் வைத்த பிரேஸிலேயே ஆறிவிடும்.

காத்திருக்கக் கூடாதவை வேறு. மெனிஸ்கஸ் கிழிந்து மடங்கி, முட்டி பூட்டிக்கொண்டு நீளவே மறுப்பது ஒன்று. மூட்டு விலகியது இன்னொன்று. தானாக உள்ளே போய்விட்டாலும் பாதத்தில் நாடியைத் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும், பின்பக்க ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது, எலும்பு முறிந்த காலில் கெண்டைக்கால் கல்லாக இறுகி, ஊசிக்கும் அடங்காத வலி, விரலை மேலே நீட்டிவிட்டாலே அலறல். தசைப்பைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. சுமார் 6 மணி நேரத்துக்குள் கீறித் திறக்காவிட்டால் தசை செத்துப்போகும். காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

பொள்ளாச்சி:

டாக்டருங்க, ஊட்டுல பெரியவங்க எண்ணெய் போட்டு நீவிக் கட்டலாம்கறாங்களே?

கோவை, எலும்பு மருத்துவர்:

வேண்டாங்க. உள்ளே ரத்தம் நிற்கும்போது நீவினால் வீக்கம் கூடும். முறிவு இருந்தால் விலகும். ஐஸ் 15 நிமிடம், துணி சுற்றி. பயணத்துக்கு முழு மாவுக்கட்டு வேண்டாம், பின்பக்கம் மட்டும் வைக்கும் ஸ்லாப் போதும். முழுக்கட்டு போட்டு 48 மணி நேரத்துக்குள் விமானம் ஏறுவதானால் அதை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்லுங்கள்.

சேலம், அறுவை அரங்கு டெக்னீஷியன்:

அறுந்த ஏ.சி.எல்.லுக்குப் பதிலா வெக்கற நார்தான் கிராஃப்ட், அதை எடுக்கற கட்டத்துல நடக்கறதைச் சொல்றேன். தொடையோட உள்பக்கத்து ரெண்டு தசைநாரை உருவுவாங்க. அதிலிருந்து கெண்டைக்கால் தசைக்குப் போற கிளை நாரை வெட்டி விடாம, நாரை உருவற கருவியான ஸ்டிரிப்பரைத் தள்ளினா, பாதியிலேயே அறுந்து குட்டையா வந்துடும். உருவினதுல ஒட்டியிருக்கற சதையைச் சுரண்டிட்டு, மடிச்சு நாலு இழையாக்கி, அளவுப் பலகையோட துளையில நுழைச்சுப் பாப்போம். துளை ஒண்ணுக்கொண்ணு அரை மி.மீ. வித்தியாசம். தடிமன் 8 மி.மீ. வந்தா நிம்மதி. அதுக்குக் கம்மின்னா இன்னொரு மடிப்பு போடற வழி பாக்கணும். 1 மி.லி.க்கு 5 மி.கி. வான்கோமைசின்ங்கற கிருமிக்கொல்லி மருந்து கலந்த துணியில சுத்தி வெச்சா கிருமித் தொற்று நல்லாவே குறையுது. கிராஃப்டை நுழைக்கத் தொடை எலும்புல போடற துளை முன்னாடி தள்ளிப் போயிட்டா, மடக்கறப்ப கிராஃப்ட் இறுகி நாளடைவுல தளர்ந்துடும். மறு ஆபரேஷனுக்கு வர்றதுல துளை இடம் மாறினதுதான் நிறைய.

ஈரோடு, பிசியோதெரபிஸ்ட்:

ஆபரேஷன் முடிஞ்சு பாக்க வர்ற ஒறம்பரை முதல்ல பண்றது முட்டிக்கு அடியில தலையணை வெக்கறது. நோயாளிக்கும் சுகமா இருக்கும். அந்த வளைவுலயே முட்டி நின்னுடுங்க! தலையணையை எடுத்துட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில வைங்க. முட்டிக்குப் பின்னாடி கையை விட்டா படுக்கைக்கும் காலுக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும், முட்டி தன் பாரத்துல தானா இறங்கணும். 10 நிமிஷம், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. அதோட தொடையை இறுக்கி 5 நொடி பிடிக்கறது. மடக்கறது பொறவு வரும், நீட்டறது ஆரம்பத்துலயே வரணும். மெனிஸ்கஸ் தையல் போட்டிருந்தா 4–6 வாரம் 90 டிகிரிக்கு மேல மடக்க வேண்டாம், தரையில உக்கார்றது, குத்த வெச்சு உக்கார்ற கழிவறை எல்லாம் அதுக்கப்புறமும் தள்ளியே போகட்டும்.

6 முதல் 12 வாரம்தான் பயப்பட வேண்டிய காலம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, நடை நல்லாயிருக்கும். உள்ள கிராஃப்ட் அப்பத்தான் ரொம்பப் பலவீனமா இருக்கும், புது ரத்த ஓட்டம் வந்து மாறிட்டு இருக்கற நேரம். கபடிப் பசங்களும் இந்த நேரத்துலதான் களத்துல இறங்கி மறுபடி அறுத்துட்டு வர்றாங்க. 9 மாசத்துக்கு முன்னாடி ஸ்கை வேண்டாம். 9 மாசம் ஆனாலும், தொடை பலம் மத்த காலோட 90 சதவீதம் வந்திருக்கணும், ஒத்தைக்கால் தாண்டற தூரமும் அப்படியே. நாள் கணக்கை மட்டும் பாத்து யாரும் விட்டுடாதீங்க.

சேலம், அறுவை அரங்கு டெக்னீஷியன்:

டிஸ்சார்ஜ் சம்மரியோட ஆபரேஷன் நோட்ஸ் நகலும், கிராஃப்டைப் பிடிச்சு நிறுத்த உள்ள வெச்ச ஸ்க்ரூ, பட்டனோட ஸ்டிக்கரும் கேட்டு வாங்கி வெச்சுக்கங்க. பின்னாடி எம்.ஆர்.ஐ. எடுக்கறப்பவும், மறு ஆபரேஷன் வந்தாலும் முதல்ல கேக்கறது அதைத்தான்.