வாரம் ஒரு பந்தயம் என்றால் பயிற்சி எப்போது?

மகளின்_அப்பா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். குறுவட்டப் போட்டி முடிந்துவிட்டது, அடுத்தது மாவட்டம். நடுவில் ஞாயிறுதோறும் யாராவது மாரத்தான் என்று 5 கிலோமீட்டருக்குக் கூப்பிடுகிறார்கள். பள்ளியிலோ புள்ளிக்காக 800, தொடரோட்டம் இரண்டிலும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். முந்தைய நாள் ஓய்வு, மறுநாள் கால்வலி. பயிற்சிக்கு நாளே மிஞ்சுவதில்லை. எதை விடுவது?

பழைய_பி.டி._வாத்தியார்:
முதலில் ஞாயிற்றுக்கிழமை மாரத்தானை விடுங்கள். பதக்கமும் பனியனும் கொடுப்பார்கள், சரி; தார்ச்சாலையில் முட்டிமோதி ஓடிய கால் செவ்வாய் வரை தேறாது.

மாவட்டம்தான் குறி என்றால் மற்றப் பந்தயங்களைப் பயிற்சிக் கணக்கில் எழுதுங்கள். பந்தயம் உள்ள வாரத்தில் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப விரட்டி ஓடவைக்கும் வேலை வேண்டாம். அதைப் பந்தயமே செய்துவிடும். மறுநாள் புல்தரையில், தோழியோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் அரை மணி நேரம் போதும். வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 800 மீட்டர்காரரான பீட்டர் ஸ்னெல்லையே மாதக்கணக்கில் நெடுந்தூரம் ஓடவிட்டுத்தான் பிறகு வேகத்துக்குக் கொண்டுவந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் ஸ்னெல்லுக்குத் தங்கம். (அவர்கள் ஓடிய தூரத்தைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அது பெரியவர்கள் கணக்கு.)

பள்ளி ஆசிரியரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கோப்பை வந்தால்தான் அவருக்கும் அடுத்த வருடம் நாலு பந்து, இரண்டு ஈட்டி கிடைக்கும். "தொடரோட்டம் ஓடட்டும், 800 மட்டும் வேண்டாம் ஐயா" என்று பேரம் பேசுங்கள்.

முன்னாள்_3000:
அண்ணா, வலி எந்த இடத்தில்? முன்னங்கால் எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் சுரீர் என்கிறதா? அப்படியென்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலும் அசட்டையாக விடாதீர்கள்; ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதாக இருக்கலாம். ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் காலத்தில் மூச்சு வாங்கினால் "சோம்பேறி" என்றுதான் திட்டினார்கள்.

மகளின்_அப்பா:
எலும்பில் இல்லை அம்மா, கெண்டைக்காலில்தான். ரத்தப் பரிசோதனை இந்த வாரமே செய்துவிடுகிறோம். 800 பற்றி ஆசிரியரிடம் பேசுகிறேன்.

பழைய_பி.டி._வாத்தியார்:
கெண்டைக்கால் என்றால் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) புதிதா? அதில் குதிகால் தாழ்ந்திருப்பதால் இழுக்கும். தினமும் போடவிடாதீர்கள். பயிற்சியின் கடைசியில் இரண்டு மூன்று 100 மீட்டர் மட்டும் அதில் ஓடிப் பழகட்டும்.