சாய ஊசி போட்டு ரத்த ஓட்டத்தை ‘அளக்கிறோம்’ என்று சொல்லலாமா?

தமனி:
மூளையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனான சி.டி. பெர்ஃப்யூஷனில் "மூளையின் இந்த இடத்தில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 18 மில்லி" என்று எண் போடுகிறார்களே, அதை அளவு என்று சொல்வதே தப்பு என்பது என் கட்சி. கையில் ஏற்றிய அயோடின் மருந்து மூளையைக் கடக்கும்போது படம் எவ்வளவு வெளுக்கிறது என்பதை மட்டும்தான் ஸ்கேனர் பார்க்கிறது. மீதி எல்லாம் கணக்கு. ஒரே படங்களை இரண்டு மென்பொருளில் போட்டால் இரண்டு விடை வருகிறது.

வேகமானி:
அப்படிப் பார்த்தால் தெர்மாமீட்டரும் காய்ச்சலைப் பார்ப்பதில்லை, பாதரசம் ஏறுவதைத்தான் பார்க்கிறது. ஒரு கூடத்தில் எந்நேரமும் 40 பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 10 நிமிடம் தங்குகிறார்கள் என்றால் நிமிடத்துக்கு 4 பேர் நுழைகிறார்கள். வாசலில் நின்று எண்ண வேண்டியதில்லை. 1954-இல் மையர், ஸியர்லர் என்ற ஆய்வாளர்கள் எழுதியது இதைத்தான்: உள்ளே இருக்கும் அளவைக் கடக்கும் நேரத்தால் வகுத்தால் ஓட்டம். 100 கிராம் மூளையில் 4 மில்லி ரத்தம், கடக்க 5 நொடி. நிமிடத்துக்கு 48 மில்லி. இயல்பான மூளைக்குச் சொல்லப்படும் 50-ஐ ஒட்டியே வருகிறது பாருங்கள்.

தமனி:
சூத்திரத்தோடு எனக்குச் சண்டையில்லை, அதற்குள் போடும் எண்ணோடுதான். மருந்து மூளைக்கு ஒரே கணத்தில் வந்து சேர்வதில்லை. இதயம், நுரையீரல் வழியே பரவிப் பரவி வருகிறது. அதைச் சரிக்கட்ட ஒரு தமனியைத் தேர்ந்து, அங்கே மருந்து ஏறி இறங்குவதைக் காட்டும் வளைவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தத் தமனியோ படத்தில் ஓரிரு பிக்சல் அகலம். பக்கத்துத் திசு கலந்து உச்சம் தாழ்ந்தால், மூளையில் ஓட்டம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். கழுத்துத் தமனியில் பழைய அடைப்பு இருந்தால் மருந்து தாமதமாக வரும். அந்தத் தாமதத்தையே ஓட்டக் குறைவு என்று படிக்கும் கணக்குமுறைகளும் உண்டு.

ஸ்கேன் அறை:
இரண்டு பேரும் ஊசியை மறந்துவிட்டீர்கள். 40 மில்லியை நொடிக்கு 5 மில்லி வேகத்தில் தள்ள வேண்டும், பின்னாலேயே சலைன். மெல்லிய ஊசியில் அந்த வேகம் ஏறாது. இதயம் பலவீனமானவருக்கு மருந்து மெதுவாகத்தான் வரும். அதற்குள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டால் வளைவின் வால் அறுந்துபோகும். அப்புறம் எந்த மென்பொருள் வந்து என்ன?

வேகமானி:
சரி, 18 என்பது 18 இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பக்கவாதத்தில் அந்த எண்ணை வைத்தா முடிவெடுக்கிறார்கள்? ஓட்டம் நல்ல பக்கத்தில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடம் செத்துவிட்டதாகக் கொள்கிறார்கள். மருந்து 6 நொடிக்கு மேல் பிந்தும் இடம் ஆபத்தில் இருக்கிறது, இன்னும் காப்பாற்றலாம். 2018-இல் வெளியான டிஃப்யூஸ் 3 ஆய்வு இப்படித்தான் ஆளைத் தேர்ந்தது. 6 முதல் 16 மணி நேரம் கழித்துக்கூடக் குழாய் விட்டு ரத்தக்கட்டியை எடுத்தவர்கள், வழக்கமான மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

தமனி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஒப்பீடு என்றால் ஒப்பீடு என்றே எழுதுங்கள், மில்லி எதற்கு? நிஜமாக அளக்க ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்க ஆக்சிஜன் கலந்த நீர் வைத்து எடுக்கும் பெட் ஸ்கேன் இருக்கிறது.

வேகமானி:
அதன் அரை ஆயுள் 2 நிமிடம். அதைத் தயாரிக்கும் இயந்திரமான சைக்ளோட்ரானைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். மூளை செத்துக்கொண்டிருக்கும் ஆளை அங்கே கொண்டுபோகிறீர்களா? தவிர, அதிலும் கணக்கு இருக்கிறதே.

தமனி:
இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீர் திசுவுக்குள்ளேயே போய்விடுகிறது. உங்கள் அயோடின், ரத்தத்தில் உள்ளவை மூளைத் திசுவுக்குள் போகாமல் காக்கும் தடுப்பு கெடாதவரை, ரத்தக் குழாய்க்குள்ளேயே சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. திசுவைத் தொடாத ஒன்றை வைத்துத் திசுவுக்கு எவ்வளவு ரத்தம் என்று சொல்கிறோம்.

ஸ்கேன் அறை:
தடுப்பு கெட்டால் கசியும், அப்போது ரத்தக் கொள்ளளவும் தப்பாக வரும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.