டாலியில் ஒரு பில் பதிவதற்குள் திரை நின்றுவிடுகிறது: ரேம் போட்டால் தீருமா?

வள்ளியூர்க்காரி:
வள்ளியூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எல்லாக் கணினிகளும் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில்லைப் பதிந்து என்டர் தட்டினால் திரை வெளுத்துப்போய் நின்றுவிடும். தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஜிஎஸ்டி தளம் மட்டும் பிரவுசரில் ஓரளவு ஓடுகிறது. மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாட்களில் களக்காடு பஸ்ஸைத் தவறவிடுவதே வழக்கமாகிவிட்டது. வசவு எங்களுக்குத்தான், கணினியை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புதுக் கணினி என்று சாரிடம் வாய் திறக்க முடியாது. ரேம் கூட்டினால் போதுமா?

பேட்டை தம்பி:
ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி ஏற்றுங்கள் அக்கா. பறக்கும்.

பாளை சர்வீஸ்காரர்:
தம்பி, அடுத்தவர் கணக்கு இருக்கிற கணினிக்கு எடுத்த எடுப்பில் ஃபார்மட் சொல்லாதே. தங்கச்சி, பிரவுசர் ஓடுகிறது, டாலிதான் நிற்கிறது என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். டாலியின் தரவு உங்கள் கணினியிலேயே இருக்கிறதா, வேறொன்றிலிருந்து வருகிறதா? திரை நிற்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வள்ளியூர்க்காரி:
என் கணினியில் டிஸ்க் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. தரவு சாரின் அறைக் கணினியில் இருக்கிறது. அதில் அவர் பத்திரிகை படிப்பதோடு சரி.

பாளை சர்வீஸ்காரர்:
கோளாறு அந்த அறையில்தான். அலுவலகத்தில் யார் என்டர் தட்டினாலும் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்தான் எழுத வேண்டும். தகடு சுழன்று, முள் நகர்ந்து எழுதும் பொருள் அது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னப் பதிவுகளை நொடிக்கு நூறு தடவையை ஒட்டித்தான் அதனால் எழுத முடியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழல எதுவும் கிடையாது, ஆயிரக்கணக்கில் எழுதும். உங்கள் மேசையில் ரேம் கூட்டி என்ன பயன்? முதலில் ஆல்ட், ஒய் அழுத்தி டாலி பேக்கப்பைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அடுத்து அந்தக் கணினியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. வைஃபையில் இணைத்திருந்தால் கேபிளுக்கு மாற்றுங்கள்.

பணகுடி அண்ணாச்சி:
மூடியையும் கழற்றிப் பாரும்மா. ஆடிக்காற்று நம் பக்கம் கொண்டுவந்து கொட்டும் புழுதி கொஞ்சமா? எங்கள் கடைக் கணினிக்குள் கம்பளி விரித்ததுபோல் தூசி கிடந்தது. சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ளோயர் அடிக்கும்போது உள்ளே இருக்கும் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிடக் கூடாது.

வள்ளியூர்க்காரி:
பேக்கப் எடுத்தாயிற்று. யாரும் டாலியைத் தொடாதபோதே சாரின் கணினியில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது. நிறம் மஞ்சள். சாரிடம் காட்டினேன். "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்கிறார்.

பாளை சர்வீஸ்காரர்:
நிற்கிற நாள் வரை எல்லாமே ஓடும். அவரிடம் செக்டர் கதையெல்லாம் பேசாதீர்கள், ரூபாயில் பேசுங்கள். 3பி தாமதமானால் வரி உள்ள வாடிக்கையாளருக்கு நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. டிஸ்க் படுத்துவிட்டால் அத்தனை பேருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாக் கணினிக்கும் கேட்காதீர்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் 500 ஜிபி எஸ்எஸ்டி கேளுங்கள். பழுதான டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க வேண்டாம். புதிதாக விண்டோஸ் ஏற்றி, பேக்கப்பிலிருந்து தரவை மீட்பதே நல்லது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, இந்த ஐ3 விண்டோஸ் 11க்குத் தகுதியும் பெறாது. ஆகவே புதுக் கணினிப் பேச்சை ஒரேயடியாக மூடிவிடாதீர்கள்.

வள்ளியூர்க்காரி:
50 ரூபாய்க் கணக்கைச் சொன்னதும் சார் ஒத்துக்கொண்டார், அண்ணே! எஸ்எஸ்டி போட்டாயிற்று, கேபிளும் இழுத்தாயிற்று. தட்டிய உடனே பதிகிறது. பழைய டிஸ்க்கை இரும்புக் கடையில் போடச் சொல்கிறார். போடலாமா?

பாளை சர்வீஸ்காரர்:
கூடவே கூடாது. வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. கோப்பை அழித்தாலும் மீட்டெடுத்துவிடுவார்கள். பட்டறையில் கொடுத்து, உள்ளே இருக்கும் தகடுகளில் துளை போட்ட பிறகு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். அதுவரை பீரோவில் பூட்டி வையுங்கள்.