கடலூரில் இன்றிரவே ஆண் நாய்க்கு கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடுபவர் யார்? அவசரம்

மஞ்சக்குப்பம். ஆண் டால்மேஷன், 6 வயது, 24 கிலோ. காலையிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி முக்குகிறான். ரோஸ் நிறத்தில் ரெண்டு சொட்டு, அவ்வளவுதான். மதியம் ஒரு தடவை வாந்தி. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு, தொட்டாலே முனகுகிறான். மலச்சிக்கல் இல்லை, காலையில் சரியாகவே போனான்.

இந்த எடைக்கு மணிக்கு 24 மில்லியாவது சிறுநீர் ஊறும். வெளியேறாவிட்டால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கலாம், சிறுநீர்ப்பையும் கிழியலாம். அதனால் விடியும்வரை காத்திருக்க முடியாது.

அல்ட்ராசவுண்ட் உள்ள இடமாகச் சொல்லுங்க. டால்மேஷனுக்கு அதிகம் வருவது யூரேட் கல் (யூரிக் அமில உப்பால் ஆன சிறுநீர்க்கல்). சாதா எக்ஸ்ரேயில் தெரியாமல் போய்விடும். ஆண்குறி எலும்புக்குச் சற்றுப் பின்னால்தான் பெரும்பாலும் சிக்கும்.

வயிற்றை அமுக்கி விடுங்க, பார்லித் தண்ணி கொடுங்க என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். அடைப்பு இருக்கும்போது ரெண்டுமே ஆபத்து. நாம் போடும் வலி மாத்திரையும் கூடாது.

புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்நேரம் பார்ப்பார்களா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்க. வண்டி தயார்.