போஜ்பாசாவில் பார்த்த பூர்ஜ மரங்கள்

சென்ற செப்டம்பரில் இமயமலையில் கங்கோத்ரியிலிருந்து, பனியாற்றிலிருந்து கங்கை வெளிப்படும் கோமுகத்துக்கு நடந்தேன். சீர்பாசா வரை பைன் மரங்கள் துணைக்கு வந்தன. அதற்கு மேல், பனி அழுத்தி அடிமரம் வளைந்த பூர்ஜ (பிர்ச்) மரங்கள்தான் அங்கங்கே தென்பட்டன. அருகில் போய்த் தொட்டுப் பார்த்தேன். பட்டை மெல்லிய ஏடுகளாகக் குறுக்குவாக்கில் உரிந்து காற்றில் படபடத்தது. அதில் நீர் ஊறுவதில்லை. மலைக் கிராமங்களில் மண்கூரைக்கு அடியில் இதைப் பரப்பியிருக்கிறார்கள், வெண்ணெயும் பொதிந்திருக்கிறார்கள்.

பனியாறு விட்டுச்சென்ற வெறும் கல்லிலும் மண்ணிலும் முதலில் வேர்பிடிக்கும் மரங்களில் இதுவும் ஒன்று. சிறகுள்ள விதை, கடுகைவிடச் சிறியது, காற்றோடு போய் விழுகிறது. நல்ல வெயில் கிடைத்தால்தான் கன்று தேறும்.

சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா. பூர்ஜ மரங்களின் உறைவிடம் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். நான் பார்த்ததோ பெரும்பாலும் வெட்டவெளி! யாத்திரிகர்களின் அடுப்புக்கும் குளிர்காயவும் வெட்டித் தீர்த்துவிட்டோம். மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் 1990களில் இங்கே வேலியிட்டுக் கன்றுகள் நட்டு வளர்த்தார். அந்த உயரத்தில் ஒரு கன்று ஆளுயரம் எட்டவே பல ஆண்டுகள் ஆகும். அவருடைய பொறுமையை எண்ணிக் கைகூப்பினேன்.

பூஜைக்குரிய எந்திரம் (யந்திரக் கோலம்) எழுதுவதற்காக அம்மா பூர்ஜபத்திரம், அதாவது இந்த மரப்பட்டை ஏடு, கேட்டிருந்தார். முதல் நாள் கடையில் ஒரு துண்டு வாங்கியிருந்தேன். மரத்தைப் பார்த்தபின் அந்தத் துண்டு கையில் கனத்தது. தானாக உரிந்து விழுவதை எடுப்பது வேறு, கத்தியால் உள்பட்டை வரை கீறுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் மரம் பட்டுப்போகும். நண்பர்களே, தயவுசெய்து வாங்காதீர்கள்.

மறுமொழி

ஐயா, படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. பல ஆண்டுகள் ஓலைச்சுவடிகளைப் பராமரித்தவள் நான். ஒருமுறை அருங்காட்சியகம் ஒன்றில் பூர்ஜ ஏட்டை அருகில் பார்த்தேன். நம் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, பிறகு மை தடவுவோம். பூர்ஜ ஏட்டில் நாணல் பேனாவால் மை தொட்டு எழுதியிருந்தார்கள். பல அடுக்குகள் சேர்ந்ததுதான் ஓர் ஏடு. வயதானால் அடுக்குகள் பிரிந்து, தொட்டாலே நொறுங்கும். பூச்சிதான் ஓலைக்குப் பகை என்று பழகிய எனக்கு அது புதுக் கவலையாக இருந்தது. 1881இல் பெஷாவர் அருகே பக்‌ஷாலியில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த கணக்குச் சுவடியும் பூர்ஜப் பட்டைதான். சுமார் 70 ஏடுகள், சுழியத்துக்கு ஒரு புள்ளி. கோமுகம் போக எனக்கும் ஆசை. அனுமதி எளிதில் கிடைக்குமா?

பதில்

கிடைக்கும் அம்மா. ஒரு நாளைக்கு 150 பேரைத்தான் விடுகிறார்கள், அதனால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கையோடு ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுபோங்கள். பட்டையில் குறுக்குக் கோடுகளாகத் தெரிபவை மரம் மூச்சுவிடும் துளைகள்.