ஐந்து வருட சர்வீஸ் முடியும் முன் எடுத்த பி.எஃப்.: வரி வராத பகுதியை ரிட்டர்னில் எங்கே காட்டுவது?

வணக்கம். மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் 2021 மே முதல் 2024 ஆகஸ்ட் வரை வேலை பார்த்தவரின் கணக்கு இது. 2024 நவம்பரில் பி.எஃப். முழுவதும் எடுத்தார். ஐந்து வருட சர்வீஸ் இல்லை, பழைய கம்பெனிக் கணக்கும் கிடையாது. அதனால் வரி உண்டு, அதில் சந்தேகமில்லை.

மொத்தம் ரூ.1,06,800, 192ஏ பிரிவில் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்த வரி) ரூ.10,680. பாஸ்புக்படி தொழிலாளர் பங்கு 72,000, அதன் வட்டி 9,800. கம்பெனி பங்கு 22,000, வட்டி 3,000. பென்ஷன் பணம் இதில் சேரவில்லை.

கம்பெனி பங்கும் வட்டியும் சம்பளத்தில், 17(3)-இல் (சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த தொகை) காட்டியாச்சு. 9,800 இதர வருமானம். சிக்கல் சொந்தப் பங்கில்தான். 2021-22, 2022-23 இரண்டும் பழைய வரி முறை, 80சி (சேமிப்புக்கான வரிக் கழிவு) எடுத்தவை. அந்த இரண்டு வருடப் பங்கு 41,400-ஐயும் சம்பளத்தில் சேர்த்தாச்சு. அதன் பிறகு புதிய முறை, 80சி எடுக்கவில்லை; அந்தப் பங்கு அப்போதே வரிக் கணக்கில் வந்துவிட்டது. ஆக மீதி 30,600-க்கு வரி வராது. "மொத்தத்தையும் வருமானமாகக் காட்டிவிடுங்கள், தொல்லை விட்டது" என்கிறார்கள் சிலர். வராத வரியை எதற்குக் கட்ட வேண்டும்?

ஐ.டி.ஆர்-1 போட்டு டி.டி.எஸ். முழுவதையும் கேட்டதற்கு 139(9) நோட்டீஸ் (ரிட்டர்னில் குறை என்று) வந்திருக்கிறது: 26ஏ.எஸ். (வரித் துறையின் டி.டி.எஸ். பதிவு) தொகையைவிடக் காட்டிய வருமானம் குறைவாம். 26ஏ.எஸ்.-ஐயும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டாச்சு, பைசா வித்தியாசமில்லை. ஏ.ஐ.எஸ்.-இல் (வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை) பின்னூட்டம் கொடுத்தும் பழைய தொகையே நிற்கிறது. பதில் போட 15 நாள்தான்.

இந்த 30,600-ஐ விலக்கு வருமானத்தில் 'இதர' என்று காட்டித் திருத்திய ரிட்டர்ன் போடுவதா, 'ஏற்கவில்லை' என்று கணக்குப் பிரிவினையோடு பதில் போடுவதா? இதே நோட்டீஸை முடித்தவர்கள் எந்த வழியில் போனீர்கள்?